தோற்ற போர்களின் தளபதி

ஹெல்சிங்கி,
ஜூன் 4

அன்புள்ள நண்பா,

இங்கே இரவு பத்து மணிக்கும் வெயில் மிச்சமிருக்கிறது. விளக்குப் போடாமல் சன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று ஊரெங்கும் கொடி. அரசு அலுவலகம், பள்ளிக்கூடம், அடுக்குமாடி வீடுகள் என்று எங்கு பார்த்தாலும் வெள்ளைத் துணியில் நீலச் சிலுவை பறக்கிறது. பின்லாந்துப் பாதுகாப்புப் படைகளின் கொடிநாள் இது. 1867-ஆம் ஆண்டு இதே தேதியில் பிறந்த ஒரு குதிரைப்படைத் தளபதியின் பிறந்தநாளைத்தான் அதற்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவர் பெயர் கார்ல் குஸ்தாவ் எமில் மன்னெர்ஹெய்ம்.

நான் கிளம்பும் முன் நீ ஒன்று கேட்டாய். ராணுவத்தில் பெயரெடுத்தவர்கள் அரசியலுக்கு வந்து ஒரு நாட்டுக்கு நல்லது நடந்ததுண்டா என்று. 1958-இல் பாகிஸ்தானில் அயூப் கானையும், 1962-இல் பர்மாவில் நே வின்னையும் பார்த்த தலைமுறையின் பிள்ளைகள் நாம். அந்தக் கேள்வி நமக்கு வரத்தான் செய்யும். வந்த நாள் முதல் அதை மனதில் வைத்துக்கொண்டே இந்த மனிதரின் தடத்தில் நடக்கிறேன். நான் கண்டுகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

நகரின் முதுகெலும்பான பெரிய சாலைக்கே அவர் பெயர்தான். டிராம் வண்டிகள் ஓடும் அந்தச் சாலையில், கியாஸ்மா என்னும் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் பக்கத்தில், குதிரைமேல் அமர்ந்த அவரது வெண்கலச் சிலை நிற்கிறது. ஐமோ துக்கியாய்னென் என்ற சிற்பி செய்தது, 1960-இல் திறந்தார்கள். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் நாடாளுமன்றத்தின் பெரிய படிக்கட்டு. இந்த மனிதருடைய கதையின் முக்கியமான திருப்பங்கள் பல நாடாளுமன்றத்தின் வாக்கெடுப்பில் நடந்தவை என்பதை நினைத்தால், சிலை அங்கே இருப்பது பொருத்தம்தான்.

அவர் பிறந்தபோது பின்லாந்து தனிநாடு அல்ல. 1809 முதல் ரஷ்யப் பேரரசுக்குள் ஒரு தன்னாட்சிப் பகுதி. தென்மேற்கே லோஹிசாரி என்ற மாளிகையில், ஸ்வீடிஷ் பேசும் பிரபுக் குடும்பத்தில் ஏழு பிள்ளைகளில் மூன்றாவதாகப் பிறந்தார். 1880-இல் தந்தை கடனில் மூழ்கி, குடும்பத்தை விட்டுவிட்டு வேறொரு பெண்ணோடு பாரிசுக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டே தாய் இறந்தார். பதின்மூன்று வயதுப் பையன் உறவினர் தயவில் வளர்ந்தான். ஹமினா நகரின் ராணுவப் பள்ளியில் சேர்த்தார்கள். அனுமதியில்லாமல் வெளியே போனதற்காக 1886-இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டான். விடவில்லை. மறு ஆண்டே பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு எழுதித் தேறி, பேரரசின் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் நிக்கோலாஸ் குதிரைப்படைப் பள்ளிக்குள் நுழைந்தான். அப்போது தொடங்கிய ரஷ்ய ராணுவ வாழ்க்கை முப்பது ஆண்டு நீடித்தது.

கைவோபுயிஸ்தோ என்ற கடலோரப் பூங்காப் பகுதியில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். ஊரறிந்த மிட்டாய் வணிகர் கார்ல் ஃபாட்சருக்குச் சொந்தமான வீடு அது. மன்னெர்ஹெய்ம் கடைசிவரை வாடகைக்குத்தான் இருந்தார். காலணிமேல் உறை மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். வழிகாட்டியோடுதான் சுற்றிப் பார்க்க முடியும். வேட்டையாடிக் கொண்டுவந்த புலித்தோல், நூல்கள், பெட்டி பெட்டியாகப் பதக்கங்கள். ரஷ்யப் பேரரசின் விருதும் ஜெர்மனியின் இரும்புச் சிலுவையும் பிரான்சின் விருதும் பிரிட்டனின் விருதும் ஒரே மனிதரிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. எதிரெதிர் அணிகளில் நின்று போரிட்ட நாடுகள் இவை. இவ்வளவும் பார்த்துவிட்டுப் படுக்கையறைக்குப் போனால், போர்முனையில் விரிக்கும் மடக்குக் கட்டில் ஒன்று. நம் ஊர்க் கயிற்றுக் கட்டிலின் அகலம்கூட இல்லை. வீட்டிலும் அதில்தான் படுத்தார்.

குதிரைதான் அவரை வளர்த்தது. ஜாரின் மெய்க்காவல் குதிரைப்படையில் இருந்தார். 1896-இல் இரண்டாம் நிக்கோலாசின் முடிசூட்டு விழாவில் அணிவகுத்துச் சென்றார். பிறகு அரண்மனைக் குதிரை லாயத்தின் பணிக்கு வந்து, ஐரோப்பாவெங்கும் போய் நல்ல குதிரைகளைப் பார்த்து வாங்கினார். ஒரு குதிரை உதைத்ததில் முழங்கால் சில்லு உடைந்தது. 1904-இல் ரஷ்ய–ஜப்பானியப் போர் வந்தபோது தானே முன்வந்து மஞ்சூரியாவுக்குப் போனார். அவர் ஏறியிருந்த தாலிஸ்மான் என்ற குதிரை அங்கே குண்டுபட்டு இறந்தது. அந்தப் போரில் ரஷ்யா தோற்றது. ஒரு பேரரசு எப்படித் தோற்கும் என்பதை முப்பத்தேழு வயதில் கண்ணால் பார்த்தார்.

அதற்கடுத்த பயணம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. 1906 முதல் 1908 வரை, மத்திய ஆசியாவிலிருந்து பெய்ஜிங் வரை சுமார் 14,000 கிலோமீட்டர் போனார், பெரும்பகுதி குதிரைமேல். வெளிப்பார்வைக்கு அறிவியல் பயணம். உண்மையில் ரஷ்யத் தலைமைத் தளபதிக்காக உளவறியும் வேலை. ஆனால் அறிவியலை வெறும் வேடமாக அவர் வைத்துக்கொள்ளவில்லை. வரைபடம் எழுதினார், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒளிப்படங்கள் எடுத்தார், கையெழுத்துப் பிரதிகளும் பழம்பொருள்களும் சேர்த்தார். 1908-இல் சீனாவின் ஊத்தாய் மலையில் பதின்மூன்றாம் தலாய் லாமாவைச் சந்தித்தார். 1904-இல் இந்தியாவிலிருந்து பிரிட்டிஷ் படை லாசாவுக்குள் புகுந்ததால் நாட்டைவிட்டு வந்திருந்தவர் அந்த லாமா. கொடுக்கத் தக்க பரிசு வேறு கையில் இல்லாததால், மன்னெர்ஹெய்ம் தன் கைத்துப்பாக்கியைக் கொடுத்து, குண்டு நிரப்பும் விதத்தையும் காட்டினார்.

முதல் உலகப் போரில் குதிரைப்படைப் பிரிவுகளை நடத்தி லெப்டினென்ட் ஜெனரல் ஆனார். 1917-இல் ரஷ்யாவில் புரட்சி. அவர் வாழ்ந்த உலகமே கலைந்தது. டிசம்பர் 6 அன்று பின்லாந்து விடுதலையை அறிவித்தது. அதே மாதம் ஊர் திரும்பினார். வயது ஐம்பது. நாட்டின் பெரும்பான்மையோர் பேசும் பின்னிஷ் மொழி அவருக்குச் சரளமாக வராது.

சில வாரங்களில் அவரை அரசுப் படையின் தலைவராக்கினார்கள். 1918 ஜனவரி இறுதியில் உள்நாட்டுப் போர் வெடித்தது. தொழிலாளரும் நிலமற்ற குத்தகைக் குடியானவரும் ஒரு பக்கம், சிவப்பர். அரசும் நிலமுடைய விவசாயிகளும் நடுத்தர வகுப்பும் மறுபக்கம், வெள்ளையர். மேற்குக் கரையில் வாசா நகரிலிருந்து படையைத் திரட்டிக்கொண்டு மன்னெர்ஹெய்ம் தெற்கே இறங்கினார்.

அந்தக் கதையின் கனத்தை அறிய தம்பெரே நகருக்கு ரயிலில் போய்வந்தேன். பழைய பருத்தி ஆலைகளின் செங்கல் சுவர்கள், நடுவே ஓடும் அருவி. தொழிலாளர் ஊர் என்று பார்த்ததுமே தெரிகிறது. 1918 மார்ச் 28 அன்று அங்கே கலேவன்கங்காஸ் என்ற கல்லறைத் தோட்டத்திலேயே சண்டை நடந்தது. புனித வியாழன் அது. ஏப்ரல் 6 அன்று ஊர் வெள்ளையர் வசமானது. சுமார் பதினோராயிரம் பேர் கைதானார்கள். இன்று அதே கல்லறைத் தோட்டத்தில் சிவப்பரின் கூட்டுப் புதைகுழி இருக்கிறது. யாரோ வைத்துவிட்டுப் போன பூக்கள் வாடாமல் இருந்தன; நூறு ஆண்டுக்கு மேலாகியும் பூ வைக்க ஆள் இருக்கிறது.

முப்பது லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் அந்த ஆண்டு 36,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போர்க்களத்தில் விழுந்தவர்களைவிட, சுட்டுக்கொல்லப்பட்டும் சிறைமுகாமில் பசியாலும் நோயாலும் செத்தவர்களே அதிகம். இரு தரப்பும் கொன்றன; ஆனால் வெள்ளையர் கொன்றது பல மடங்கு. முகாம்களில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மே மாத இறுதியில் மன்னெர்ஹெய்ம் பதவி விலகிவிட்டார்; முகாம் சாவுகளில் பெரும்பகுதி அதற்குப் பிறகு நடந்தது. இருந்தாலும் படைக்குத் தலைவர் அவர்தான். அந்தப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்க எனக்கு மனம் வரவில்லை. தம்பெரே நகரத்தின் நடுவில் அவருக்குச் சிலை கிடையாது. ஊருக்கு வெளியே லெய்னோலா காட்டோரத்தில் ஒன்று இருக்கிறது; அதன்மேல் பலமுறை சிவப்புச் சாயம் ஊற்றியிருக்கிறார்கள்.

இனி அரசியலுக்கு வருகிறேன். 1918 டிசம்பரில், மன்னர் இல்லாத நாட்டின் ஆட்சிப் பொறுப்பாளராக அவரை அமர்த்தினார்கள். அதற்கு முன் ஆட்சியிலிருந்தவர்கள் ஜெர்மனியை நம்பியிருந்தார்கள். ஜெர்மனி போரில் தோற்றுவிட்டது. பஞ்சம் வாசலில் நின்றது. லண்டனுக்கும் பாரிசுக்கும் போய்ப் பேசி, பட்டினியைத் தடுக்க உணவுத் தானியம் வரவழைத்தார். 1919 மே மாதம் பிரிட்டனும் அமெரிக்காவும் பின்லாந்தை அங்கீகரித்தன. ஜூலை 17 அன்று குடியரசின் அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டவர் இவரே. முடியாட்சியில் வளர்ந்து, முடியாட்சியையே விரும்பிய மனிதர் குடியரசுக்குக் கையெழுத்துப் போட்டார்.

எட்டு நாள் கழித்து முதல் குடியரசுத் தலைவருக்கான தேர்தல் நாடாளுமன்றத்தில் நடந்தது. சட்ட அறிஞர் ஸ்டோல்பெர்கிற்கு 143 வாக்கு. மன்னெர்ஹெய்முக்கு 50. நண்பா, இந்த இடத்தில் நின்று யோசித்துப் பார். ஓராண்டுக்கு முன் போரில் வென்று தலைநகரில் அணிவகுத்து வந்தவர். படை அவரைக் கொண்டாடியது. அவரைச் சுற்றியிருந்த சிலர் பலத்தைப் பயன்படுத்தும் யோசனையும் வைத்திருந்தார்கள். அவர் வாக்கை ஏற்றார். பதவியை ஒப்படைத்துவிட்டு வெளியேறினார்.

அடுத்த பன்னிரண்டு ஆண்டு அவருக்கு அரசுப் பதவி எதுவும் இல்லை. 1920-இல் குழந்தைகள் நலச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். மருத்துவச் செவிலியர் பணியை இந்த நாட்டில் நிலைநாட்டியவர்களில் முதன்மையானவரான அவருடைய அக்காள் சோஃபி அதில் துணை நின்றார். தந்தை கைவிட, தாயும் போய்ச் சேர்ந்த வீட்டில் வளர்ந்தவர்கள் இருவரும். உள்நாட்டுப் போரில் தோற்றவர்களின் பிள்ளைகளையும் சேர்த்தே கவனிக்க வேண்டும் என்பது சங்கத்தின் நோக்கம். இன்றும் அது நாடு முழுவதும் இயங்குகிறது. 1930-ஐ ஒட்டி வலதுசாரி லாபுவா இயக்கம் கிளர்ந்தபோது, அவர் தலைமையில் சர்வாதிகாரம் வர வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் இருந்தார்கள். கம்யூனிஸ்டுகள்மீது அவருக்கும் கசப்பு உண்டு. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார அவர் போகவில்லை. 1931-இல் பாதுகாப்பு மன்றத் தலைவரானார். 1933-இல், வெள்ளையர் வெற்றியைக் கொண்டாடும் மே 16 அன்றே, பதினைந்து ஆண்டுக்கு முன் யார் எந்தப் பக்கம் நின்றார் என்று இனிக் கேட்க வேண்டியதில்லை என்று பேசினார்.

1939 இலையுதிர்காலத்தில் ஸ்டாலின் நிலம் கேட்டார். லெனின்கிராடின் பாதுகாப்புக்காக எல்லையைத் தள்ளி வைக்க வேண்டும் என்றார். மறுத்துவிடலாம் என்று நின்றவர்கள் அரசியல்வாதிகள்; ஓரளவு விட்டுக்கொடுங்கள், நம்மிடம் போதிய ஆயுதம் இல்லை என்று வாதாடியவர் இந்தக் கிழத் தளபதி. யாரும் கேட்கவில்லை. பதவி விலகவும் முன்வந்தார். நவம்பர் 30 அன்று குண்டு விழுந்ததும் எழுபத்திரண்டு வயதில் படைத் தலைமையை ஏற்றார். மிக்கேலி நகரில் தலைமையகம். கரேலியப் பூசந்தியின் பாதுகாப்பு அரணுக்கு உலகப் பத்திரிகைகள் அவர் பெயரையே சூட்டின. ஆனால் அதன் உறுதி கான்கிரீட்டில் இருந்ததைவிடப் பதுங்குகுழியில் நின்ற ஆட்களிடம் இருந்தது. 1918-இல் ஒருவரையொருவர் சுட்ட குடும்பங்களின் பிள்ளைகள் ஒரே குழியில் நின்றார்கள்.

நூற்றைந்து நாள் தாங்கினார்கள். படை களைத்துவிட்டது என்பதை முதலில் உணர்ந்து, இப்போதே சமாதானம் செய்யுங்கள் என்று அரசிடம் சொன்னவரும் அவர்தான். 1940 மார்ச் 13 அன்று போர் நின்றது. நாட்டின் பத்தில் ஒரு பங்கு நிலம் போயிற்று. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கரேலிய மக்கள் வீடு வாசலை விட்டு மேற்கே வந்தார்கள். அந்த ஆண்டே அவர் ஒரு காரியம் செய்தார். மே 16 வெற்றி விழாவை நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாக மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை, 1918-இல் இரு தரப்பிலும் தங்கள் கொள்கைக்காக மாண்டவர்கள் உட்பட எல்லாருக்குமான நினைவுநாளாக்கினார். வென்ற தளபதியே தன் வெற்றி விழாவைக் கைவிட்டது இந்த நாட்டுக்குப் பெரிய மருந்தாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

அடுத்த பகுதி எழுதக் கஷ்டமானது. 1941 ஜூனில் பின்லாந்து ஜெர்மனியோடு சேர்ந்து மறுபடியும் போருக்குப் போனது. இழந்த நிலத்தை மீட்டதோடு நிற்கவில்லை. பழைய எல்லையைத் தாண்டிக் கிழக்குக் கரேலியாவுக்குள் புகுந்தது. அதை விடுவிக்காமல் வாளை உறையில் போட மாட்டேன் என்று அவரே ஆணை பிறப்பித்தார். அங்கே ரஷ்யப் பொதுமக்களை முகாம்களில் அடைத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். லெனின்கிராடை நேரடியாகத் தாக்கும்படி ஜெர்மானியர் கேட்டதற்கு அவர் இணங்கவில்லை என்பது உண்மை. பட்டினியால் லட்சக்கணக்கில் மக்கள் செத்த அந்த நகரின் வடக்குப் பக்கத்தை அடைத்து நின்றது அவரது படை என்பதும் உண்மை. 2016-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் அவருக்கு ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, சில மாதங்களிலேயே எடுத்துவிட்டார்கள். அந்த ஊர்க்காரர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

1942-இல் இதே ஜூன் 4 அன்று, அவருடைய எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு ஹிட்லரே விமானத்தில் வந்து இறங்கினார். ரயில் பெட்டியில் இருவரும் பேசியதைப் பின்லாந்து வானொலிக்காரர் ஒருவர் ரகசியமாகப் பதிந்தார். ஹிட்லர் மேடைக் கூச்சல் இல்லாமல் சாதாரணக் குரலில் பேசும் அரிய பதிவு அது.

1944 ஜூனில் சோவியத் படை பெருந்தாக்குதல் தொடங்கியது. வீபோர்க் நகரம் வீழ்ந்தது. ஆயுதம் வேண்டுமானால் தனியாகச் சமாதானம் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது ஜெர்மனி. குடியரசுத் தலைவர் ரிஸ்தோ ரியூத்தி நாட்டின் பெயரால் அல்லாமல் தன் சொந்தப் பெயரில் அந்த உறுதியை எழுதிக் கொடுத்தார். ஆயுதம் வந்தது, முன்னணி நிலைத்தது. ஆகஸ்ட் 1 அன்று ரியூத்தி பதவி விலகினார். அவரோடு அந்த உறுதிமொழியும் போயிற்று. நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, ஆகஸ்ட் 4 அன்று மன்னெர்ஹெய்மைக் குடியரசுத் தலைவராக்கியது. வயது எழுபத்தேழு.

போரை முடிப்பதற்காகவே அவரைக் கூப்பிட்டார்கள். ராணுவம் அவர் சொன்னால்தான் அடங்கும். செப்டம்பர் 2 அன்று ஹிட்லருக்குக் கடிதம் எழுதினார்: ஜெர்மனி தோற்றாலும் ஒரு பெரிய இனமாக வாழ்ந்துவிடும், நாற்பது லட்சம்கூட இல்லாத எங்கள் மக்கள் தோற்றால் அழிந்தே போவார்கள், ஆகவே விலகுகிறேன் என்பது அதன் சாரம். செப்டம்பர் 19 அன்று மாஸ்கோவில் உடன்படிக்கை. இழந்த நிலம் இழந்ததுதான். முப்பது கோடி டாலர் மதிப்புக்குப் பொருளாக இழப்பீடு. நேற்றுவரை கூட நின்ற ஜெர்மானியரை வடக்கிலிருந்து விரட்டும் கடமை வேறு. பின்வாங்கிய ஜெர்மானியர் ரோவானியெமி நகரை எரித்துவிட்டுப் போனார்கள். ஆனால் சோவியத் படை ஹெல்சிங்கிக்குள் வரவில்லை. நாடாளுமன்றம் கூடிக்கொண்டே இருந்தது. 1945-இல் தேர்தலும் நடந்தது. ஐரோப்பாவின் கிழக்கு ஓரத்தில் அந்தப் போரில் சிக்கிய நாடுகளில் எத்தனைக்கு இது வாய்த்தது?

போருக்குப் பொறுப்பானவர்கள் என்று வழக்கு நடந்தது. ரியூத்திக்குப் பத்தாண்டுச் சிறை. மன்னெர்ஹெய்ம்மீது வழக்கே இல்லை. தன் பெயரைப் பணயம் வைத்து நாட்டைக் காத்த மனிதர் சிறைக்குப் போக, அதனால் வழி திறந்த தளபதி வெளியே இருந்தார். ரியூத்தியை இவ்வூர் இன்று மரியாதையோடு நினைக்கிறது. நீயும் அந்தப் பெயரைக் குறித்துக்கொள். 1946 மார்ச்சில் உடல்நலக் குறைவைச் சொல்லி மன்னெர்ஹெய்ம் பதவி விலகினார். சுவிட்சர்லாந்தில் தங்கித் தன் நினைவுகளை எழுதினார். 1951 ஜனவரியில் லொசானில் இறந்தார். ஹியெதனியெமி கல்லறைத் தோட்டத்தில், போரில் இறந்த சாதாரணச் சிப்பாய்களின் கல் வரிசைக்கு நடுவில் அவரைப் புதைத்திருக்கிறார்கள்.

நேற்று மாலை எஸ்பிளனாடி பூங்காவைப் பார்த்திருக்கும் சவோய் உணவகத்தில் அவருக்குப் பிடித்த வோர்ஷ்மாக் சாப்பிட்டேன். ஆட்டிறைச்சியையும் உப்பிட்ட மீனையும் வெங்காயத்தோடு அரைத்து நெடுநேரம் வேகவைத்த பண்டம். சுட்ட உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெள்ளரி ஊறுகாயோடு தருகிறார்கள். முதல் வாய்க்குப் புரியவில்லை. மூன்றாவது வாயில் பிடித்துப்போனது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அவர் முழுமையாக வென்றது ஒரே ஒரு போர்தான். 1918-இல் வென்ற அந்தப் போர் இந்த நாட்டை இரண்டாகப் பிளந்தது. தம்பெரேயில் அந்தப் பிளவை இன்னும் தொட்டுப் பார்க்கலாம். அவர் தோற்றவை மூன்று: 1919-இன் வாக்கெடுப்பு, 1940, 1944. மூன்று தோல்வியையும் காலம் கடத்தாமல் ஒப்புக்கொண்டார். மூன்றிலும் நாடு பிழைத்தது. நல்ல தளபதியால் நல்ல ஆட்சி வரும் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளவில்லை. தளபதியை 143 பேர் வேண்டாம் என்று சொல்ல முடிந்த ஒரு மன்றம் இருந்தது. வேண்டியபோது அதே மன்றம் அவரைக் கூப்பிட்டது. கூப்பிட்டால் வரவும், அனுப்பினால் போகவும் அவருக்கு மனம் இருந்தது. மன்றமும் மனமும் சேர்ந்தால்தான் நல்லது நடக்கிறது. அயூப் கானும் நே வின்னும் வந்த இடங்களில் இரண்டில் ஒன்றாவது இல்லாமல் போயிற்று. உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெற்றி பெற்ற தளபதிகளின் பட்டியலைப் படிப்பிக்கும்போது, இந்த 143-ஐயும் 50-ஐயும் சேர்த்துச் சொல்லிக்கொடு.

நாளை காலை மிக்கேலிக்கு ரயில். அந்தத் தலைமையகத்தைப் பார்த்துவிட்டு மீண்டும் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் நண்பன்